டிரமுக்குள் ஏறும் சூடு

அன்புள்ள அண்ணா,

திருகோணமலை டச்பே கடற்கரையில் நின்று கோணேசர் மலையை 4×5 அங்குல ஷீட் பிலிமில் (தனித்தனித் தாளாக வரும் பிலிம்) எடுத்தேன். எஃப்பி4 என்ற கறுப்பு-வெள்ளை பிலிம், நாலு ஷீட். பழைய பிரிண்ட் டிரம் (வெளிச்சம் புகாமல் மூடிப் படம் கழுவும் உருளை) ஒன்றை மோட்டாரில் சுழற்றி வீட்டிலேயே கழுவினேன். டெவலப்பர் (படத்தை வெளிக்கொண்டுவரும் கரைசல்) ஐடி-11, ஒன்றுக்கு ஒன்று தண்ணீர், மொத்தம் 300 மில்லி. ஐஸ் வைத்து 20 பாகைக்குக் கொண்டுவந்து 11 நிமிடம் விட்டேன். நாலும் கறுத்துவிட்டன. மூடிப் பக்கம் இருந்த இரண்டும் இன்னும் கறுப்பு. எல்லாவற்றின் முதுகிலும் ஊதாக் கறை. பழையபடி ட்ரேயில் கழுவுவதற்கே போய்விடட்டுமா?

— உப்புவெளி வாசகர்

அன்புள்ள தம்பி,

ட்ரேக்குப் போகவேண்டாம். நம் ஊர்ச் சூட்டில் பிலிமின் ஊறிப்போன ஜெலட்டின் பூச்சை இருட்டில் நாலு ஷீட்டாகப் புரட்டினால் கீறல் விழும். டிரமில் அந்தப் பயம் இல்லை, மூடியதும் விளக்கையும் போட்டுக்கொள்ளலாம்.

முதலில் கறுப்பு. டெவலப்பரை ஊற்றும்போது 20 பாகை, சரி. வெளியே ஊற்றியபோது அளந்தீர்களா? டிரம், பிலிம், உள்ளே இருக்கும் காற்று எல்லாமே அறையின் சூட்டில், 30 பாகையில் இருக்கின்றன. 300 மில்லி அதற்குள் மெல்லிய படலமாகச் சுழன்றால் சில நிமிடத்தில் சூடேறிவிடும். 11 நிமிடம் என்பதோ 20 பாகைக்கும், விட்டுவிட்டுக் கலக்குவதற்கும் சொன்ன கணக்கு. உங்கள் டிரம் ஒரு நொடியும் நிற்கவில்லை. இரண்டும் சேர்ந்துதான் கறுத்திருக்கிறது.

கன்னியா வெந்நீர்க் கிணறுகள் இருக்கும் ஊரில் 20 பாகையைப் பிடித்துவைக்கப் போராடாதீர்கள். நான் 24 பாகையில் கழுவுகிறேன். 20 பாகையில் 11 நிமிடம் என்றால் 24 பாகையில் ஏறத்தாழ ஏழே முக்கால். தண்ணீர் கலக்காவிட்டால் நேரம் இன்னும் குறையும்; 5 நிமிடத்துக்குக் கீழே போனால் சீராக வராது என்பதால் டெவலப்பரை 1+1 ஆகவே வைத்திருங்கள்.

டெவலப்பருக்கு முன்னால் 24 பாகைத் தண்ணீரை ஊற்றி 5 நிமிடம் சுழலவிடுங்கள். டிரம் குளிரும், பிலிமும் சீராக நனையும். தண்ணீர் நிறத்தோடு வெளியே வரும், பயப்படவேண்டாம். ஜோபோ என்ற டிரம் செய்யும் கம்பனிக்காரர்களின் வழி இது: இப்படி நனைத்தால் நேரத்தைக் குறைக்கவேண்டியதில்லை. உங்கள் பிலிமைச் செய்யும் இல்ஃபோர்ட் சொல்வது வேறு: நனைக்காதே, சுழற்றுவதற்காக நேரத்தில் 15 சதவீதம் வரை குறை. இரண்டில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள், கலக்கவேண்டாம். நம் ஊருக்கு நனைப்பதுதான் சரி என்பது என் அனுபவம்.

ஐஸை டெவலப்பருக்குள் போடாதீர்கள், கரைந்து அளவைக் கெடுக்கும். மீன் வைக்கும் ரெஜிபோம் பெட்டியில் தண்ணீரும் ஐஸ் கட்டியும் போட்டு, போத்தல்களை அதற்குள் நிறுத்துங்கள். பிக்ஸரும் (படத்தை நிலைநிறுத்தும் கரைசல்) அலசும் தண்ணீரும் அதே 24 பாகையில் இருக்கவேண்டும். வேலை முடிந்து வெளியே ஊற்றும் டெவலப்பரை ஒவ்வொரு முறையும் அளந்து எழுதிவையுங்கள். 23இல் தொடங்கி 25இல் முடிந்தால் 24க்கான நேரம் பொருந்தும்.

மூடிப் பக்கம் கூடக் கறுத்ததற்கு மேசை காரணம். மோட்டார் அந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, டெவலப்பர் அங்கே தேங்கியிருக்கிறது. மேசன்மார் வைக்கும் மட்டம் ஒன்றை டிரமின் மேலேயே வைத்துப் பாருங்கள். ஒருமுறை எனக்கு நடுவில் கரண்ட் போய்விட்டது. கையால் மேசையில் உருட்டினேன், முன்னும் பின்னும், நிறுத்தாமல். அந்த நெகட்டிவ்கள் நன்றாகவே வந்தன. மோட்டாரைவிட மட்டம்தான் முக்கியம் என்று அன்றைக்குப் புரிந்தது.

ஊதாக் கறை ஒன்றுமில்லை. ஷீட்டின் முதுகு டிரமின் சுவரோடு ஒட்டிக்கொண்டதால் அங்கே பூசியிருக்கும் சாயம் கரையவில்லை. பிக்ஸர் வேலை செய்த பிலிமுக்கு வெளிச்சத்தால் ஆபத்து இல்லை. ட்ரேயில் ஒவ்வொன்றாக இன்னும் சில நிமிடம் பிக்ஸரில் வைத்து, நன்றாக அலசுங்கள், போய்விடும்.

பிலிமை டிரமில் ஏற்றுவதை இரவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பகலில் வியர்த்த விரல் பட்டால் அந்த ரேகை நெகட்டிவில் நிற்கும். காயவைக்கக் குளியலறையே நல்லது, கச்சான் காற்று வீசும் மாதங்களில் வெளியே தொங்கவிட்டால் தூசி ஒட்டும்.

அந்த நாலு ஷீட்டையும் எறிந்துவிடாதீர்கள். மூடிக்கு எதிர்ப்பக்கம் இருந்த இரண்டில் ஒன்றை முதலில் எடுத்து, பிரிண்ட் போடும்போது வெளிச்சத்தைக் கூட்டிப் பாருங்கள். மலைக்குப் பின்னால் இருக்கும் வானம் அதில் இருக்கக்கூடும்.