அண்டார்க்டிகாவின் பனிக்கு அடியில் என்ன பாறை இருக்கிறது என்று எப்படித் தெரியும்?

தோண்டிப் பார்க்காமலேயே எப்படிச் சொல்கிறார்கள் என்பதுதானே கேள்வி? அங்கே சுமார் 98 சதவீத நிலம் பனிக்கு அடியில். பனியின் சராசரிக் கனம் ஏறக்குறைய 2 கிலோமீட்டர். துளையிட்டுப் பாறையைத் தொட்ட இடங்கள் மிகக் குறைவு.

விமானத்திலிருந்து ரேடார் அலை அனுப்பினால் அது பனியை ஊடுருவி அடிப்பாறையில் பட்டுத் திரும்பும். மலையும் பள்ளத்தாக்கும் தெரிந்துவிடும். ஆனால் பாறை என்ன வகை? அதற்குத்தான் ஈர்ப்புவிசை, காந்தப்புல அளவீடுகள். அடர்த்தியான பாறைக்கு மேல் ஈர்ப்பு கொஞ்சம் கூடும். ஒரே அளவீட்டுக்குப் பல விளக்கங்கள் பொருந்திவிடும் என்பதுதான் இதில் தலைவலி.

அப்புறம் நில அதிர்வு அலைகள். 1958இல் சோவியத் குழு இப்படித்தான் கம்பர்ட்சேவ் மலைத்தொடரைக் கண்டது. ஆல்ப்ஸோடு ஒப்பிடத்தக்க மலைகள். ஒரு சிகரம்கூட வெளியே தெரியாது!

எனக்குப் பிடித்த வழி வேறு. பனியாறு அடிப்பாறையைச் சுரண்டிக் கடலோரம் கொண்டுவந்து கொட்டுகிறது. அந்த மணலிலுள்ள சிர்கான் என்ற கனிமத்தின் துகள்களில் யுரேனியம் எவ்வளவு ஈயமாக மாறியிருக்கிறது என்று அளந்தால், அந்தத் துகள் உருவான காலம் கிடைக்கும். எங்கிருந்து வந்தது என்பதைப் பனி நகரும் திசையை வைத்துப் பின்னோக்கி ஊகிக்க வேண்டியதுதான்.