காசுக்குப் போடுவது செய்தி இல்லை, சகோதரி

கேள்வி: மருதமுனையில் நானும் இன்னும் மூன்று பெண்களும் நான்கு தறிகளில் சாறனும் படுக்கை விரிப்பும் நெய்கிறோம். பத்திரிகையில் வந்தால் வெளியூர் ஓடர் கிடைக்கும் என்கிறார்கள். ஊடக இணைப்பாளர் என்று ஒருவர், 25,000 ரூபாய் தந்தால் மூன்று பத்திரிகையிலும் ஒரு டிவியிலும் வரவைப்பதாகச் சொல்கிறார். கொடுக்கலாமா? நாங்கள் எழுதிய செய்தியையும் அனுப்பியிருக்கிறேன்.

பதில்: கொடுக்க வேண்டாம். ஐந்து சதமும் வேண்டாம். வீரகேசரியோ தினகரனோ தினக்குரலோ, செய்திப் பக்கத்தில் இடம் விற்பதில்லை. விற்கும் இடத்துக்கு விளம்பரம் என்று பெயர். அதற்கு விளம்பரப் பிரிவில் காசு கட்டினால் பற்றுச்சீட்டு தருவார்கள். பற்றுச்சீட்டு இல்லாமல் ஒருவர் கை நீட்டினால் அது அவருடைய பைக்குத்தான்.

அந்த மனிதர் என்ன செய்வார் தெரியுமா? உங்கள் செய்தியை வாங்கி, இந்தப் பக்கத்து நிருபர்கள் எல்லோரும் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் போடுவார். வந்தால் ‘நான்தான் போடவைத்தேன்’ என்பார். வராவிட்டால் ‘கொழும்பில் வெட்டிவிட்டார்கள்’ என்பார். அதோடு விடமாட்டார். இரண்டு மாதம் கழித்து விருது விழா என்று வருவார். பொன்னாடை, சான்றிதழ், தேசகீர்த்திப் பட்டம், பதிவுக் கட்டணம் மட்டும் நீங்கள் கட்டவேண்டும். கிழக்கில் இப்போது தேசகீர்த்தி இல்லாத ஒழுங்கையைத் தேடவேண்டியிருக்கிறது. கலாநிதிப் பட்டம்கூட இப்படித்தான் கைமாறுகிறது. அந்தப் பட்டத்தைப் பார்த்து யாரும் சாறன் வாங்கப்போவதில்லை.

கழுத்தில் தொங்கும் அட்டையைப் பார்த்தும் நம்பாதீர்கள். அட்டை அடிக்க ஒரு பிரிண்டர் போதும். பத்திரிகையில் அச்சாகியிருக்கும் இலக்கத்துக்கு எடுத்து, பிராந்தியச் செய்திப் பிரிவைக் கேட்டு, ‘கல்முனைப் பக்கம் உங்கள் நிருபர் யார்?’ என்று கேளுங்கள். சொல்வார்கள்.

ஒன்றை மட்டும் பிரித்துச் சொல்லவேண்டும். உண்மையான நிருபர் வீட்டுக்கு வந்தால் தேநீர் கொடுங்கள், சாப்பாட்டு நேரமானால் சோறும் கொடுங்கள். அது நம் ஊர் வழக்கம், லஞ்சம் இல்லை. பெற்றோல் காசு? இதில்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள். வெளியூர் நிருபர்களில் பலருக்கு மாதச் சம்பளம் கிடையாது. அச்சில் வந்த செய்திக்கு இவ்வளவு என்று ஒரு சின்னத் தொகை, அதுவும் மாதக் கணக்கில் பிந்தி வரும். பொத்துவிலில் இருந்து வந்து போகிறவருக்கு அது எண்ணெய்க்கே காணாது. தலைமை அலுவலகத்தில் இருப்பவர்களுக்கு இது தெரியாமல் இல்லை. நானும் அங்கே செய்தி ஆசிரியர் மேசையில் இருந்து பலமுறை கேட்டுப் பார்த்தேன், ‘அடுத்த வருடம் பார்ப்போம்’ என்ற பதிலோடு வருடங்கள் போயின. ஆகவே நீங்களாக அழைத்து, தூரத்தில் இருந்து ஒருவர் வந்தால், பஸ் காசைக் கொடுப்பதில் எனக்கு மனக்குறை இல்லை. செய்தி வந்தாலும் வராவிட்டாலும் அது பஸ் காசு. ‘இவ்வளவு தந்தால் வரும்’ என்று அவர் வாயைத் திறந்தால் அந்தக் கணமே வேறு கதை.

சரி, உங்கள் செய்திக்கு வருகிறேன். ‘தரமான, நவீன வடிவமைப்பிலான, மலிவு விலைக் கைத்தறி ஆடைகள்’ என்று தொடங்குகிறீர்கள். அது கடைப் பலகையில் எழுதுவது. 2004 சுனாமியில் மாமியின் தறிகளைக் கடல் கொண்டுபோனதும், அதன் பிறகு அவர் தறியைத் தொடாமலே இருந்ததும், இப்போது அவர்தான் உங்கள் நான்கு பேருக்கும் கற்றுக்கொடுக்கிறார் என்பதும் கடைசி வரியில் ஒளிந்து கிடக்கின்றன. அதுதான் செய்தி. அதை முதல் வரிக்குக் கொண்டுவாருங்கள். மாமியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு.

எப்போது அனுப்புவது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் பாதி விஷயம் அதில்தான் இருக்கிறது. சுனாமி நினைவு நாளான டிசம்பர் 26 நெருங்கும்போது பத்திரிகைகள் இப்படியான கதைகளைத் தேடும். ஆனால் அதே மாதம்தான் இங்கே மழை வெள்ளமும். ஊர் தண்ணீருக்குள் நிற்கும்போது சாறன் செய்திக்கு இடமிருக்காது. நவம்பர் கடைசியிலேயே கொடுத்துவிடுங்கள். பெருநாள் ஓடர்தான் வேண்டுமென்றால் நோன்பு தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பு. அதற்கும் முன்னால் நான்கு தறியில் மாதம் எத்தனை சாறன் இறங்கும் என்று கணக்குப் பாருங்கள். இருநூறு பேர் கேட்டு நூற்றைம்பது பேருக்கு இல்லை என்று சொன்னால், செய்தியால் கெட்ட பெயர்தான் மிச்சம்.

விரிவான கதையாக வரவேண்டுமென்றால் ஒரே பத்திரிகைக்குக் கொடுங்கள். எல்லாக் குழுவிலும் போட்டால் எல்லோரும் அதே ஐந்து வரியைக் கொப்பி பண்ணி அனுப்புவார்கள், எந்த ஆசிரியருக்கும் அதில் ஆசை வராது.

நீங்கள் அனுப்பியது கடிதத்தைப் போனில் பிடித்த படம். அதை யாராவது மறுபடி தட்டச்சு செய்யவேண்டும், செய்யமாட்டார்கள். பாமினி என்ற பழைய எழுத்துருவிலும் வேண்டாம், யுனிகோட்டில் அடித்து மின்னஞ்சலில் அனுப்புங்கள். ஒரு பக்கம் போதும். படங்கள் மூன்று: தறியில் மாமியின் கை தெரியும்படி ஒன்று, நான்கு பேரும் வேலை செய்யும்படி ஒன்று, துணி மட்டும் ஒன்று. வாட்ஸ்அப்பில் போட்டால் டொக்கியூமென்டாகப் போடுங்கள், இல்லாவிட்டால் படம் சுருங்கி அச்சுக்கு உதவாது. இடமிருந்து வலமாக யார் யார் என்று பெயர் எழுதுங்கள். தயவுசெய்து பிரமுகர் ஒருவரைக் கூப்பிட்டு நாடா வெட்டவைத்துப் படம் எடுக்காதீர்கள். பிராந்தியப் பக்கத்தை ஏற்கெனவே நாடாக்கள்தான் நிரப்புகின்றன. அந்தப் படம் வந்தால் தலைப்பில் அவர் பெயர்தான் இருக்கும், உங்கள் தறி பின்னால் மங்கலாகத் தெரியும்.

அப்புறம், உங்கள் செய்தியில் தொலைபேசி இலக்கம் இல்லை. நானும் இப்படி வந்த நல்ல செய்திகளை, உறுதிப்படுத்த ஆள் கிடைக்காமல், மேசை லாச்சியில் போட்டிருக்கிறேன். இலக்கத்தை முதல் வரிக்கு மேலே எழுதுங்கள். பின்னேரம் நாலு, ஐந்து மணிக்குத் தெரியாத இலக்கத்தில் இருந்து அழைப்பு வந்தால் தறியை நிறுத்திவிட்டு எடுங்கள்.