ரவுட்டர் பட்டியலில் தங்கிவிட்ட பழைய பெயர்கள்

கேள்வி: அழகர் ஆற்றில் இறங்குவதைக் காண உசிலம்பட்டியிலிருந்தும் மேலூரிலிருந்தும் உறவினர்கள் ஆண்டுதோறும் எங்கள் வீட்டில் வந்து தங்குவார்கள். வருகிற எல்லோருக்கும் வைஃபை பாஸ்வேர்டைக் கொடுத்துவிடுவோம். மாடியில் குடியிருந்தவர்களும் எங்கள் இணைப்பையே பயன்படுத்தினார்கள்; அவர்கள் காலி செய்து ஐந்து மாதம் ஆகிறது. அண்மையில் ரவுட்டரின் பக்கத்தைத் திறந்தபோது 41 கருவிகளின் பெயர்கள் இருந்தன. ஒன்பதுதான் எங்களுடையவை, மற்றவற்றில் பெரும்பாலானவை ‘ஆஃப்லைன்’ என்று காட்டுகின்றன. இவற்றால் இணைய வேகம் குறையுமா? எப்படி நீக்குவது?
– வாசகி ஒருவர், திருநகர், மதுரை

பதில்: வேகம் குறையாது, அம்மா. மொய் நோட்டில் பெயர் இருப்பவர் இன்னும் பந்தியில் அமர்ந்திருக்கிறார் என்று யாரும் கொள்வதில்லை. ஆஃப்லைன் பெயர்களும் அப்படித்தான், முன்பு வந்து போனதற்கான பதிவு மட்டுமே. ரவுட்டர் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் ஐ.பி. முகவரியை, அதாவது இணைப்பில் அதை அடையாளம் காணும் ஓர் எண்ணை, குறிப்பிட்ட காலத்துக்கே தருகிறது. சில ரவுட்டர்களில் அது 2 மணி நேரம், பலவற்றில் 24 மணி நேரம். அதற்குள் கருவி புதுப்பித்துக்கொள்ளாவிட்டால், அந்த முகவரி அடுத்து வருபவருக்குப் போய்விடும்.

மேலும், 41 பெயர்கள் என்பதால் 41 கருவிகள் வந்து போயின என்று கருத வேண்டாம். 2019இல் வந்த ஆண்ட்ராய்டு 10, 2020இல் வந்த ஐ.ஓ.எஸ். 14 ஆகியவற்றிலிருந்து, கைபேசிகள் தம் உண்மையான மேக் முகவரியை (தயாரிக்கும்போதே கருவிக்குத் தரப்படும் அடையாளக் குறியீடு) மறைத்து, ஒவ்வொரு வைஃபைக்கும் தாமே உருவாக்கிய ஒரு முகவரியைக் காட்டுகின்றன. வைஃபையின் பெயரை நீங்கள் மாற்றினாலோ, கைபேசியை முழுவதுமாக அழித்து மீண்டும் அமைத்தாலோ, அதே கைபேசி புதிய ஆளாகப் பட்டியலில் ஏறிவிடும். மேக் முகவரியின் இரண்டாவது எழுத்து 2, 6, ஏ (A), ஈ (E) ஆகியவற்றில் ஒன்றாக இருந்தால் அது பெரும்பாலும் இவ்வாறு உருவாக்கப்பட்டதே. அறியாத பெயரைக் கண்டு கலங்குமுன் இதைப் பார்த்துவிடுங்கள்.

நீக்குவதற்கு, ரவுட்டரின் அடியில் ஒட்டியுள்ள முகவரியை, பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1, உலாவியில் இட்டு உள்ளே செல்லுங்கள். சில ரவுட்டர்களில் ஒவ்வொரு ஆஃப்லைன் பெயருக்கும் அருகே அழிக்கும் பொத்தான் இருக்கும். அது இல்லாதவற்றில், மின்சாரத்தை நிறுத்திச் சில நிமிடங்கள் கழித்துப் போட்டால் பட்டியல் புதிதாகத் தொடங்கலாம். அப்படியும் போகாத பெயருக்கு நிலையான முகவரி ஒதுக்கியிருக்கிறீர்களா, குழந்தைகளுக்கான கட்டுப்பாட்டில் சேர்த்திருக்கிறீர்களா என்று பார்த்து, முதலில் அங்கே நீக்குங்கள். ஊசியால் அழுத்தும் ‘ரீசெட்’ துளையை மட்டும் தயவுசெய்து தொடாதீர்கள். ஃபைபர் இணைப்புக்குரிய பயனர் பெயரும் பாஸ்வேர்டும் அதில் அழிந்துபோகக்கூடும், பிறகு இணைப்புக்காரர் வந்து அமைத்துக் கொடுக்கும் வரை வீட்டில் இணையம் இராது.

எனக்கு இதைவிடக் கவலை தருவது வேறொன்று. பெயரை அழிப்பதால் யாரும் தடுக்கப்படுவதில்லை. பாஸ்வேர்டைச் சேமித்து வைத்திருக்கும் கைபேசி உங்கள் வீட்டருகே வந்த உடனே தானாக இணைந்துகொள்ளும். மேக் முகவரியைக் கொண்டு தடுப்பதும், மேலே சொன்ன காரணத்தால், உறுதியான காவல் ஆகாது. குடியிருந்தவர்கள் காலி செய்த அன்றே பாஸ்வேர்டை மாற்றியிருக்க வேண்டும், இன்றாவது மாற்றிவிடுங்கள். தொலைக்காட்சி, கண்காணிப்புக் கேமரா போன்றவற்றில் புதிய பாஸ்வேர்டை ஒவ்வொன்றாக இட வேண்டியிருக்கும் என்பதால், வீட்டில் அனைவரும் இருக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்துகொள்வது நல்லது.

அடுத்த சித்திரைக்கு உறவினர்கள் வருமுன், உங்கள் ரவுட்டரில் ‘கெஸ்ட் நெட்வொர்க்’ (விருந்தினருக்கான தனி வைஃபை) வசதி இருந்தால் அதற்குத் தனிப் பெயரும் தனிப் பாஸ்வேர்டும் அமைத்து அதையே அவர்களுக்குக் கொடுங்கள். அவர்கள் ஊர் திரும்பியதும் அந்த ஒன்றை மட்டும் நிறுத்திவிடலாம். உங்கள் ஒன்பது கருவிகளில் எதையும் தொட வேண்டியதில்லை.