உள்வளைவு அரிவாளுக்குத் தட்டைக் கல் போதாது

அரிவாளைச் சாணைக்கல்லில் எவ்வளவு தேய்த்தாலும் நுனியும் அடியும்தான் கூராகிறது, நடுவில் மழுங்கியே கிடக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கையில் குறையில்லை. தட்டையான கல் உள்வளைவுக்குள் இறங்காது, அவ்வளவுதான்.

அரையங்குல பிவிசி குழாய்த் துண்டு ஒன்றில் 400ஆம் நம்பர் உப்புத்தாளை இறுக்கமாகச் சுற்றி ஒட்டுங்கள். அரிவாளை மேசையோரத்தில் அசையாமல் கட்டிவிட்டு, விளிம்பின் சரிவில் மார்க்கரால் மை பூசுங்கள். பிறகு குழாயை அந்தச் சரிவிலேயே படிய வைத்து, முதுகுப் பக்கத்திலிருந்து விளிம்பு நோக்கித் தேயுங்கள். மை முழுதாக அழிந்தால் கோணம் சரி. விளிம்பில் மட்டும் அழிந்தால் குழாயைத் தூக்கிப் பிடிக்கிறீர்கள், கொஞ்சம் தாழ்த்துங்கள்.

மறுபக்கம் மெல்லிய பிசிறு விரலில் தட்டுப்படும் வரை விடாதீர்கள். (விரலை விளிம்போடு ஓட்டக் கூடாது, குறுக்கே வெளிப்பக்கமாகத்தான் தடவ வேண்டும்.) பெரும்பாலானவர்கள் இதற்கு முன்பே நிறுத்திவிடுகிறார்கள். அப்புறம் மறுபக்கமும் அதேபோல. கடைசியாக 1000ஆம் நம்பர் தாளில் இரு பக்கமும் மாற்றி மாற்றி லேசாகத் தேய்த்தால் பிசிறு உதிர்ந்துவிடும்.

விளிம்பில் பல் விழுந்திருந்தால் முதலில் அரைவட்ட அரம் போடுங்கள். மோட்டார் சாணை மட்டும் வேண்டாம். விளிம்பு நீலம் பாய்ந்தால் இரும்பின் பதம் போய்விட்டது என்று அர்த்தம்.