எச்.பி.வி. 16 பாசிட்டிவ், பாப் ஸ்மியர் நார்மல்: அடுத்து என்ன?

கேள்வி: கோத்தகிரிப் பக்கம் எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறேன். வயது 38. முகாமில் எடுத்த டெஸ்டில் எச்.பி.வி. 16 பாசிட்டிவ், பாப் ஸ்மியர் நார்மல் என்று வந்திருக்கிறது. இது புற்றுநோயா? கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் தொல்லை தீருமா? 13 வயது மகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசி போடலாமா?

பதில்: பாசிட்டிவ் என்றால் புற்றுநோய் என்று பொருள் இல்லை. எச்.பி.வி. என்பது உடலுறவால் தொற்றும் ஒரு வைரஸ். அது இருக்கிறது, அவ்வளவுதான். அதற்காகக் கர்ப்பப்பையை எடுக்க வேண்டாம். ஆனால் பாப் ஸ்மியர் (கர்ப்பப்பை வாய்ச் செல்களைச் சுரண்டி எடுத்துப் பார்க்கும் சோதனை) நார்மல் என்ற தைரியத்தில் சும்மா இருந்துவிடவும் கூடாது. இந்த வைரஸில் பல வகை உண்டு. அவற்றில் 16, 18 ஆகிய இரு வகைகள்தான் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்களில் சுமார் 70 சதவீதத்துக்குக் காரணம். இவற்றில் ஒன்று வந்தால் அடுத்து கால்போஸ்கோப்பி, அதாவது பெரிதாக்கிக் காட்டும் கருவியால் கர்ப்பப்பை வாயைப் பார்க்கும் சோதனை, செய்தாக வேண்டும்.

காரணம் இந்த வைரஸின் இரண்டு புரதங்கள். கர்ப்பப்பை வாயின் மேல்தோலில் ஏற்படும் நுண்ணிய கீறல் வழியாக வைரஸ் அடி அடுக்குச் செல்லுக்குள் போகிறது. அது பெருக, பிரிந்துகொண்டிருக்கும் செல் வேண்டும். மேலே ஏறிவரும் செல்களோ பிரிவதை நிறுத்திவிடும். அவற்றை மறுபடி பிரிய வைப்பது இ7 புரதம். நம் செல்லில் 'ஆர்.பி.' என்ற புரதம், பிரிவைத் தொடங்கிவைக்கும் 'இ2எஃப்' புரதத்தைப் பிடித்து வைத்திருக்கும். இ7 ஆர்.பி.யோடு ஒட்டி அதை அழித்துவிடுவதால் இ2எஃப் விடுபட்டு, செல் ஓயாமல் பிரிகிறது.

இப்படித் தாறுமாறாகப் பிரியும் செல்லை நிறுத்தவோ சாகடிக்கவோ வேண்டியது நம் செல்லின் 'பி53' என்ற புரதம். அதை ஒழித்துக்கட்டுவது வைரஸின் இரண்டாவது புரதமான இ6. செல்லுக்குச் சொந்தமான இன்னொரு புரதத்தைத் துணைக்குச் சேர்த்து, பி53 மீது 'அழிக்க வேண்டியது' என்ற ரசாயன முத்திரையைக் குத்தவைக்கிறது. செல்லே தன் பி53-ஐச் சிதைத்துவிடுகிறது. அதன்பின் டி.என்.ஏ. பிழைகள் திருத்தப்படாமல் சேரும். மரு உண்டாக்கும் 6, 11 வகைகளின் இ6 பி53-ஐ இப்படி அழிப்பதில்லை. அதனால்தான் அவை மருவோடு நின்றுவிடுகின்றன.

இ6, இ7 அளவு மீறாமல் அடக்கி வைப்பது வைரஸின் இ2 என்ற இன்னொரு புரதம். தொற்று வருடக்கணக்கில் தங்கினால், வளையமாக இருக்கும் வைரஸ் டி.என்.ஏ. அறுபட்டு நம் குரோமோசோமில் செருகிக்கொள்ளலாம். அறுபடுவது பெரும்பாலும் இ2 இருக்கும் இடத்தில்தான். அடக்க ஆள் இல்லாமல் இ6, இ7 கொட்டத் தொடங்கும். தொற்றியதிலிருந்து புற்றுநோயாக மாற சாதாரணமாகப் பத்து, பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகும். எச்.ஐ.வி. இருந்தால் இன்னும் சீக்கிரம். பத்தில் ஒன்பது பேருக்குத் தொற்று இரண்டு ஆண்டுகளுக்குள் தானாகவே போய்விடுகிறது. உங்களுக்கு அது எப்போது தொற்றியது என்று யாராலும் சொல்ல முடியாது, பல வருடம் முந்தியதாகவும் இருக்கலாம். கணவரைச் சந்தேகிக்க இந்த ரிப்போர்ட் ஆதாரம் ஆகாது.

ஊட்டி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ கோவையிலோ மகளிர் பிரிவில் எந்தக் கிழமை கால்போஸ்கோப்பி செய்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். ஒரு நாள் கூலி வீணாகாது. மாதவிலக்கு நாளைத் தவிர்த்துவிடுங்கள். இரண்டு நாள் முன்பிருந்து உடலுறவு, பிறப்புறுப்பில் வைக்கும் மாத்திரை, உள்ளே கழுவுவது எதுவும் வேண்டாம். 3 முதல் 5 சதவீத அசிட்டிக் அமிலம் தடவி ஒரு நிமிடம் பொறுத்து, பெரிதாக்கும் கருவி வழியே பார்ப்பார்கள். நியூக்ளியஸ் பெருத்து நெருக்கமாக இருக்கும் செல்கள் வெள்ளையாகத் தெரியும். அயோடின் தடவினால் கிளைக்கோஜன் உள்ள நல்ல தோல் கரும்பழுப்பாகும். மாறிய இடம் மஞ்சளாகவே நிற்கும். அங்கிருந்து அரிசி அளவு சதை எடுத்து பயாப்சிக்கு அனுப்புவார்கள். அதில் நம் செல்லின் 'பி16' என்ற புரதத்தைக் காட்டும் சாயம் பிடித்தால் அது இ7 வேலை செய்வதன் அடையாளம்: ஆர்.பி. முடங்கியதும் பி16 செல்லில் குவிகிறது.

எதுவும் இல்லை என்றால் ஒரு வருடம் கழித்து எச்.பி.வி. டெஸ்ட் மறுபடியும். புற்றுநோய்க்கு முந்தைய மாற்றம் முதல் நிலையில் இருந்தால் பெரும்பாலும் கவனித்து வந்தாலே சரியாகும். இரண்டாம், மூன்றாம் நிலை என்றால் அந்தத் தோலைச் சூட்டால் பொசுக்குவார்கள், அல்லது மின்கம்பி வளையத்தால் வெட்டி எடுப்பார்கள். பெரும்பாலும் அன்றே வீடு திரும்பலாம். கொழுந்து மும்முரம் முடியட்டும் என்று சில வாரம் தள்ளலாம், ஒரு வருடம் தள்ளக் கூடாது. உறவுக்குப் பின் ரத்தம், இடையில் ரத்தம், நாற்றமுள்ள வெள்ளை இருந்தால் நாளைக்கே போங்கள்.

பயாப்சி பார்க்காமல் கர்ப்பப்பையை எடுக்கச் சொன்னால் சம்மதிக்காதீர்கள். கர்ப்பப்பையை எடுத்தாலும் வைரஸ் யோனிச் சுவரில் தங்கலாம். உள்ளே தெரியாமல் புற்றுநோய் இருந்துவிட்டால், அரைகுறை அறுவையால் பின்னால் சிகிச்சை சிக்கலாகும்.

மகளுக்குத் தாராளமாகப் போடுங்கள். தடுப்பூசியில் இருப்பது வைரஸின் வெளி ஓட்டுப் புரதம் மட்டுமே, டி.என்.ஏ.யோ இ6, இ7-ஓ இல்லை, அதனால் ஊசியால் தொற்று வராது. 15 வயதுக்குள் என்றால் ஆறு மாத இடைவெளியில் இரண்டு ஊசி, அதற்கு மேல் போனால் மூன்று. ஒரே ஊசியும் போதும் என்று உலக சுகாதார நிறுவனம் 2022-ல் சொன்னது. உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் என்ன முறை என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஏற்கெனவே இருக்கும் தொற்றை ஊசி போக்காது, ஆகவே உங்கள் கால்போஸ்கோப்பிக்கு அது மாற்று ஆகாது. ஊசி போட்டதும் பிள்ளையைக் கால் மணி நேரம் உட்கார வையுங்கள், இந்த வயதில் சிலருக்கு மயக்கம் வரும். 30 வயதானதும் அவளும் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். ஊசி எல்லா வகைகளையும் தடுப்பதில்லை.