தடித்த சுவர் கொண்ட பழைய வீட்டில் பின்கட்டு வரை வைஃபை கிடைக்க என்ன செய்யலாம்?

முன் அறையில் ரூட்டர், சுவர்களோ ஒன்றரை அடித் தடிமன், பின்பக்க அறைகளில் இணையமே இல்லை, ரிப்பீட்டர் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வாங்காதீர்கள். நான் வாங்கி ஆறு மாதம் அவதிப்பட்டேன்.

எங்களுடையது காரைக்குடிப் பக்கத்து வீடு. முகப்பு, வளவு (முற்றமும் அதைச் சுற்றிய தாழ்வாரமும்), இரண்டாம் கட்டு, அடுப்படி என்று நீண்டுகொண்டே போகும். ரூட்டர் முகப்பில். இரண்டாம் கட்டில் படுத்திருக்கும் அப்பத்தா சிங்கப்பூர்ப் பேத்தியை வீடியோவில் பார்க்க வேண்டுமானால் எழுந்து வந்து வளவுத் தூணோரம் உட்கார வேண்டும். எண்பது வயதில் இது என்ன கொடுமை! போனில் வைஃபை அளக்கும் செயலியைப் போட்டு நடந்து பார்த்தேன். சிக்னல் பலத்தை டிபிஎம் என்ற அலகில் காட்டும்; மைனஸ் எண் பூஜ்யத்தை நெருங்க நெருங்கச் சிக்னல் பலம். வளவில் மைனஸ் 58 டிபிஎம். ஒரு சுவர் தாண்டியதும் மைனஸ் 81. வீடியோ தடையில்லாமல் ஓட மைனஸ் 67 அளவாவது வேண்டும்.

ரிப்பீட்டர் தன் காதில் விழுந்ததைத்தான் திருப்பிச் சொல்லும். சிக்னல் எட்டாத அறையில் மாட்டினால் அதற்கே ஒன்றும் கேட்காது. கேட்கும் இடத்தில் மாட்டினாலும், விலை குறைந்தவை ஒரே அலைவரிசையில் வாங்கி அதிலேயே அனுப்புவதால் வேகம் பாதியாகிவிடும்.

சுவரைக் கேபிளால் தாண்டுங்கள். எலக்ட்ரீஷியன் டிரில்லிங் மெஷினோடு வந்து நின்றார். நான் சுவரைத் தொட விடவில்லை. முட்டை வெண்கரு சேர்த்து மெருகேற்றிய சுண்ணாம்புப் பூச்சு அது. ஒரு சில்லு பெயர்ந்தால் அதே பளபளப்பில் ஒட்டுப்போட ஆள் கிடைப்பது அரிது. தாழ்வார உத்தரத்தை ஒட்டி, நிலைக்கு மேலிருந்த காற்றுத் துவாரத்தின் வழியாக, மழை படாமல் 35 மீட்டர் கேட் 6 என்ற நெட்வொர்க் கேபிள் இழுத்தோம். 100 மீட்டர் வரை தாராளமாகப் போகலாம்.

மறுமுனையில் பரணில் கிடந்த பழைய ரூட்டர். முதல் ரூட்டரோடு மோதாதபடி அதன் ஐபி முகவரியை (நெட்வொர்க்கில் அதன் அடையாள எண்) மாற்றி, மற்ற கருவிகளுக்கு ஐபி முகவரி வழங்கும் டிஎச்சிபியை அணைத்து, கேபிளை லேன் துளையில் செருகினால் அதுவே ஆக்சஸ் பாயின்ட், அதாவது கேபிளில் வரும் இணையத்தை வைஃபையாகத் தரும் பெட்டி. இரண்டுக்கும் ஒரே பெயர், ஒரே கடவுச்சொல் வையுங்கள். ஒன்றையொன்று குழப்பாமலிருக்க 2.4 ஜிகாஹெர்ட்ஸ் சேனல் மட்டும் ஒன்றுக்கு 1, மற்றதற்கு 11. 5 ஜிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது என்றாலும் சுவரில் சீக்கிரம் தேய்ந்துவிடும். அது அந்தந்தக் கட்டுக்குள் உதவும். அப்பத்தாவின் கட்டிலருகே இப்போது மைனஸ் 49.

கேபிளுக்கு வழியே இல்லையென்றால் மட்டும் மெஷ் (ஒன்றோடொன்று வைஃபையில் பேசி ஒரே நெட்வொர்க்காக இயங்கும் பெட்டிகள்) வாங்குங்கள். பெட்டிகளை முற்றத்தின் எதிரெதிர்ப் பக்கங்களில், ஒன்றுக்கொன்று கண்ணில் படும்படி வையுங்கள். நடுவில் இரும்பு பீரோவோ நிலைக்கண்ணாடியோ இருந்தால் முதலில் அதை நகர்த்துங்கள்.