எபிஸ்கோப்பல் சபையில் ஞாயிறன்று இன்னொரு ஆராதனையைச் சேர்ப்பது எப்படி?

கேட்டவர் சொன்ன நிலவரம்: அமெரிக்காவில் நடுத்தர அளவிலான எபிஸ்கோப்பல் (அமெரிக்க ஆங்கிலிக்கன்) சபை. காலை 8 மணிக்குப் பாட்டில்லாத ரைட் ஒன் (பழைய நடை ஆங்கில ஒழுங்கு) திருவிருந்து, 10:30க்குப் பாடகர் குழுவோடு ரைட் டூ (தற்கால ஆங்கில ஒழுங்கு). ரெக்டர் (சபையின் பொறுப்புக் குரு) ஒருவர்தான். மூன்றாவது ஆராதனை வேண்டும் என்று வெஸ்ட்ரியில் (சபையார் தேர்ந்தெடுத்த நிர்வாகக் குழுவில்) பேச்சு வந்திருக்கிறது. எந்த நேரம் நல்லது என்பது கேள்வி.

நேரத்தை முதலில் பேசவே வேண்டாம். இப்போது வராத எவர் இந்த ஆராதனைக்கு வருவார், அதை நடத்தும் ஆட்கள் எங்கே என்ற இரண்டுக்கும் விடை கிடைத்தால் நேரம் தானாக அமையும். புதிய ஆராதனை என்றால் நடைமுறையில் ஒரு புதிய சிறு சபை. 10:30க்கு வருகிறவர்களை இரண்டாகப் பிரித்தால் பாட்டு மெலிந்த இரண்டு ஆராதனைகள்தான் மிஞ்சும். இருக்கைகளில் 80 சதவீதம் நிரம்பினாலே புதிதாக வருகிறவர் இடமில்லை என்று உணர்வார் என்பது சபை வளர்ச்சி பற்றிப் பேசுவோர் வழக்கமாகச் சொல்லும் அளவுகோல். உங்கள் 10:30 பாதிதான் நிரம்புகிறது என்றால் இடநெருக்கடியைக் காரணமாகச் சொல்ல முடியாது. வேறு காரணம் வேண்டும்: ஞாயிறு காலையில் வேலைக்குப் போகும் செவிலியர்கள், கல்லூரி மாணவர்கள், கைக்குழந்தைக்காரர்கள் என்று முகம் தெரிந்த ஒரு கூட்டம்.

யாருக்கு என்ன அதிகாரம் என்பதிலும் தெளிவு வேண்டும். சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) சேகரக் கமிட்டியைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இங்கே தடுமாற்றம் வரும். எபிஸ்கோப்பல் சட்டப்படி ஆராதனையை நடத்தும் முழுப் பொறுப்பும் ரெக்டருடையது, பேராயரின் மேற்பார்வைக்கு உட்பட்டு. வெஸ்ட்ரி பணத்துக்கும் கட்டடத்துக்கும் பொறுப்பு. ஆகவே வெஸ்ட்ரியின் முன் வைக்க வேண்டியது பட்ஜெட்: இசைக்கலைஞருக்கான தொகை, கட்டடக் காவலாளியின் கூடுதல் மணிநேரம், குழந்தைகள் அறைக்கான ஊதியம், குளிர்காலச் சூடேற்றும் செலவு. பழைய கல் கட்டடம் சூடேற ஆராதனைக்குச் சில மணிநேரம் முன்பே பாய்லரைப் போட வேண்டியிருக்கும். பலர் விட்டுவிடும் செலவு இது.

பல சபைகள் சறுக்குவது ஆள் கணக்கில். சின்னத் திருவிருந்துக்கும் வாசிப்பவர் ஒருவர், மன்றாட்டு நடத்துபவர் ஒருவர், கிண்ணம் கொடுக்க உரிமம் பெற்ற ஒருவர், வாசலில் வரவேற்க இருவர், பீடத்தை ஆயத்தம் செய்து பிறகு கழுவி வைக்க ஒருவர், குழந்தைகள் அறையில் ஒரே வீட்டைச் சேராத பெரியவர்கள் இருவர், ஒரு இசைக்கலைஞர் தேவை. காணிக்கையை எண்ண இருவர் வேண்டும். வரவேற்பாளர்களே அதைச் செய்யலாம். மொத்தம் 9 பேர். மாதம் ஒரு முறைதான் ஒருவருக்கு முறை வர வேண்டும் என்றால், இசைக்கலைஞர் தவிர 8 பேரை நான்கால் பெருக்குங்கள்: 32 பேர். வேலைகளை இணைத்து ஒரு குழுவை 6 பேராகக் குறைத்தாலும் 24. இந்தப் பெயர்கள் தாளில் எழுதப்படும் வரை தேதி அறிவிக்காதீர்கள். பட்டியலில் பாதிப் பெயர்கள் ஏற்கெனவே 10:30இல் சேவை செய்பவை என்றால், ஈஸ்டருக்குள் இரண்டு ஆராதனைகளிலும் ஆட்கள் சோர்ந்துபோவார்கள்.

ரெக்டருக்கும் அளவு உண்டு. காலையில் இரண்டு முறை பிரசங்கித்த ஒருவர் மாலையும் திருவிருந்து நடத்துவது சில மாதம் ஓடும், பிறகு உடம்பு கேட்காது. வெளியிலிருந்து ஒரு குருவை அழைத்தால் அவருக்குத் திருமண்டலம் வகுத்த தொகையையும் பயணப்படியையும் தர வேண்டும். சிஎஸ்ஐயும் எபிஸ்கோப்பல் திருச்சபையும் முழு ஐக்கியத்தில் (ஒன்றின் குருக்களை மற்றது ஏற்கும் உறவில்) இருப்பதால் ஊரில் உள்ள சிஎஸ்ஐ ஆயர் ஒருவரை அழைக்கும் யோசனை நல்லதே. ஆனால் உள்ளூர்ப் பேராயரின் அனுமதியை முதலில் வாங்கிவிடுங்கள்.

ஆள் கணக்கு உதைத்தால், திருவிருந்து இல்லாத ஆராதனையை நேர்மையாக யோசிக்கலாம். எபிஸ்கோப்பல் ஆராதனை முறைகள் அடங்கிய 1979 ஜெபப் புத்தகத்தில் மாலை ஜெபமும் கம்ப்ளின் என்ற இராக்கால ஜெபமும் இருக்கின்றன. இரண்டையும் சபையாரே நடத்தலாம். சியாட்டிலின் செயின்ட் மார்க்ஸ் கதீட்ரலில் கம்ப்ளின் பாடகர் குழு 1956இல் தொடங்கியது; ஞாயிறு இரவு 9:30க்கு நடக்கும் அந்த ஜெபத்துக்கு இளைஞர்கள் திரளாக வந்து தரையில்கூட உட்கார்ந்து கேட்கிறார்கள். பிரசங்கம் இல்லை, அரைமணி நேரம்தான். அந்தத் தரத்தில் பாட ஆள் கிடைப்பது அரிது என்றாலும், நான்கு நல்ல குரல்களும் கொஞ்சம் மெழுகுவர்த்தி வெளிச்சமும் இருந்தால் சிறிய சபையும் மாதம் ஒரு முறை செய்யலாம். குரு இல்லாத நாளில், ஏற்கெனவே அர்ப்பணிக்கப்பட்ட அப்பத்தையும் திராட்சரசத்தையும் டீக்கன் (குருவுக்கு அடுத்த நிலை ஊழியர்) வழங்கும் முறையும் புத்தகத்தில் உண்டு. அதற்குப் பேராயர் அனுமதி வேண்டும், வாராவாரம் ஓட்டுவதற்கு உரியதல்ல. ‘ரைட் த்ரீ’ என்று பேச்சுவழக்கில் சொல்லப்படும் நெகிழ்வான ஒழுங்கு ஞாயிறின் பிரதான ஆராதனைக்கு ஆகாது என்று புத்தகமே சொல்கிறது.

இப்போது நேரம். இரண்டு காலை ஆராதனைகளுக்கு நடுவில் 9:15ஐச் செருகுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஞாயிறு பள்ளியும் காபி நேரமும் நசுங்கும், வண்டிகள் வெளியேறும் முன் அடுத்த வண்டிகள் வரும். இரண்டு ஆராதனைகளுக்கு நடுவே குறைந்தது 30 நிமிடம் வெறுமையாக வேண்டும். மாலை 5 மணி பெரும்பாலும் சரிவரும்: 6:10க்குள் முடிந்தால் மறுநாள் பள்ளி உள்ள பிள்ளைகளும் வரலாம். நவம்பர் முதல் ஞாயிறு கோடைகால நேரம் முடிந்து கடிகாரம் ஒரு மணி பின்னால் போனதும் வட மாநிலங்களில் 5 மணிக்கே இருட்டிவிடும். வாகன நிறுத்தத்தில் விளக்கு, பனிநாளில் படிகளுக்கு உப்பு, இரண்டும் யார் பொறுப்பு என்று எழுதி வையுங்கள். அந்த இருட்டுக்கு ஒரு அழகான பயனும் உண்டு: ஜெபப் புத்தகத்தின் மாலை ஆராதனை ஒழுங்கில் விளக்கேற்றும் பகுதியைத் திருவிருந்தின் தொடக்கமாக வைக்கலாம்.

ஆராதனைத் தாளில் முழு உரையும் இருக்கட்டும். புதியவர் இரண்டு புத்தகங்களைப் புரட்டித் தவிக்கக் கூடாது. ஜெபப் புத்தகத்துக்குக் காப்புரிமை இல்லை, ஆனால் ஹிம்னல் 1982 என்ற பாட்டுப் புத்தகத்தின் பல பாடல்களுக்கு உண்டு. அச்சிட ஒரு அனுமதி, நேரலையில் பாட இன்னொன்று. திராட்சரசம் ஒருவருக்கு 5 முதல் 10 மில்லி என்று வைத்து, 40 பேருக்குக் கால் லிட்டரில் தொடங்குங்கள். குறைந்தால் நடுவில் மேலும் அர்ப்பணிக்கப் புத்தகத்தில் வழி இருக்கிறது. மிஞ்சினால், நோயாளிகளுக்கு எடுத்து வைப்பது போக மற்றதைப் பயபக்தியோடு உட்கொண்டு முடிக்க வேண்டும். அந்த வேலை இரவில் வண்டி ஓட்டிப் போகிற குருவின் தலையில் விழக் கூடாது.

மார்ச்சில் பேச்சைத் தொடங்கினால் செப்டம்பரில், லேபர் டே (செப்டம்பர் முதல் திங்களன்று வரும் விடுமுறை) கழிந்த ஞாயிறன்று தொடங்கலாம். ஆகஸ்டில் இரண்டு முறை சபையார் இல்லாமல் ஒத்திகை பாருங்கள். ஒலிபெருக்கி, விளக்கு, திருவிருந்துக்கு வரிசையாக வரும் பாதை மூன்றிலும் கோளாறு அப்போதே தெரியும். ஈஸ்டரன்று தொடங்காதீர்கள்: அன்று கூட்டம் வரும், அடுத்த ஞாயிறு வழக்கமாகவே ஆண்டின் மிக மெலிந்த ஞாயிறுகளில் ஒன்று, புதிய குழுவின் மனம் உடைந்துவிடும்.

தொடங்கும் முன்பே, ஒரு வருடம் கழித்து எதை வைத்துத் தீர்மானிப்பீர்கள் என்று வெஸ்ட்ரி குறிப்பேட்டில் எழுதுங்கள். ஆராதனைப் பதிவேட்டில் தலை எண்ணிக்கையும் திருவிருந்து பெற்றோர் எண்ணிக்கையும் தனித்தனியே இருக்கட்டும். மாலை ஆராதனையின் எண்ணை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். அந்த ஞாயிறின் எல்லா ஆராதனைகளையும் கூட்டி, போன வருடம் அதே மாதத்தோடு ஒப்பிடுங்கள். கூட்டுத்தொகை ஏறவில்லை என்றால் ஆட்கள் இடம் மாறியிருக்கிறார்கள், அவ்வளவுதான். நிறுத்த வேண்டி வந்தால் பெந்தெகொஸ்தே நாளை (ஈஸ்டருக்குப் பிறகு ஏழாவது ஞாயிறு) கடைசி ஆராதனையாக முன்கூட்டியே அறிவித்து, வந்துகொண்டிருந்த ஒவ்வொருவரையும் ரெக்டர் நேரில் அழைத்துப் பேசிவிட வேண்டும்.